மோதிர வாய்

பேட்டரியைத் தொடுவதற்கு முன் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இடது கையை முகத்துக்கு நேரே கொண்டுபோய் மோதிர விரலை முழுதாக வாய்க்குள் விட்டுக்கொள்வார். பல்லால் மோதிரத்தைக் கவ்விக்கொண்டு விரலை மட்டும் மெல்ல வெளியே இழுப்பார். நாக்கு மோதிரத்தை ஒரு புரட்டுப் புரட்டி, கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் செருகிவிடும். மிட்டாயை ஒதுக்கிக்கொண்ட மாதிரி கன்னம் லேசாகப் புடைக்கும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.

எல்லாருக்கும் மோதிர விரல் இருக்கிறது, இந்த ஆளுக்கு மட்டும் மோதிர வாய் என்று ஒரு லாரிக்காரர் சொல்லப்போக, அதுவே பெயராக நின்றுவிட்டது. வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் அவருடைய ஒர்க்‌ஷாப்பின் பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதை வண்டிக்காரர்கள் யாரும் படித்ததில்லை.

பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமான இரண்டாவது வாரம், மோதிரம் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கையிலிருந்த ஸ்பேனர் வண்டியின் உடம்பிலும் ஒரே நேரத்தில் பட்டுவிட்டன. கண் மூடித் திறப்பதற்குள் மோதிரம் பழுத்தது. விரலைச் சுற்றி வட்டமாக ஒரு தழும்பு விழுந்தது, கழற்ற முடியாத இன்னொரு மோதிரம். அதிலிருந்து வேலைக்கு முன் கழற்றிச் சட்டைப்பையில் போட ஆரம்பித்தார். பையில் ஓட்டை. இரண்டு முறை விழுந்து, இரண்டு முறையும் கிடைத்தது. மனைவி தையல்காரிதான். ஆனால் பையைத் தைத்துக் கொடு என்றால், "வீட்டு காலிங் பெல் நான் வந்த நாள்ல இருந்து ஊமையா கிடக்குது. அதை முதல்ல பேச வைங்க" என்பாள். பெல்லும் பேசவில்லை, பையும் மூடவில்லை. மோதிரம் வாய்க்குக் குடிபோனது.

வாயில் மோதிரம் இருக்கும்போது அவருக்கு 'ட' வராது. அது 'ர' ஆகிவிடும். 'விடு' என்றால் 'விரு'. 'ஓடு' என்றால் 'ஓரு'. 'எரு' என்று கத்தினால் செடிக்குப் போடும் உரத்தைக் கேட்கவில்லை, எதையோ எடுக்கச் சொல்கிறார் என்று பொருள். இந்தப் பாஷையில் கரைகண்டவன் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. நாற்பது வயது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஒற்றுப்பிழையைப் பார்ப்பான். ஒர்க்‌ஷாப் பலகையில் 'எலட்ரிசன்' என்று இருந்ததை ஒரு விடுமுறை நாளில் ஏணி வைத்து ஏறித் திருத்தியவன். அவனுக்குத் 'திருத்தம்' என்று பெயர் வைத்தது அவர்தான். "மாமா பேசுறது வெறும் பிழைத் தாள். மனசுக்குள்ள திருத்திக்கிட்டே கேட்டா எல்லாம் புரியும்" என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அன்றைக்குக் காலையில் அவர் யாருடைய வேனுக்குள்ளோ தலையை விட்டிருந்தார். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றார், தலையை எடுக்காமல்.

"கஸ்டமர் சார்."

குரலைக் கேட்டதும் தலையை எடுத்தார், பானட்டில் இடித்துக்கொண்டார். அவருடைய மனைவி, கையில் மடித்த காகிதத்தோடு, வரிசையில் நிற்பவளைப் போல நின்றுகொண்டிருந்தாள். பின்னால் அவர்களுடைய பழைய பிக்கப் வண்டி. பின்பக்கத் தொட்டியின் மேல் புதிதாகத் தகரக் கூண்டு போட்டிருந்தது. அதற்குள் தையல் மெஷின், ஓவர்லாக் மெஷின், இஸ்திரி மேஜை, இரண்டு ஸ்டூல்.

"என்ன இது வெளையார்ரு?" என்றார். 'ட' சரியாக விழவில்லை.

"வீட்ல சொன்னதெல்லாம் வீட்லயே கிடக்குது. கஸ்டமரா வந்தா டீ வாங்கித் தருவீங்களாமே."

மாடிப்படிக்கு அடியில், ஆறடிக்கு எட்டடி அறையில் பன்னிரண்டு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். கட்டடக்காரர் அந்த இடத்தில் லிப்ட் வைக்கப்போகிறார். இடத்தைத் தேடிப் போவதைவிட, இடத்தையே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் ஒன்பது மணிக்கு நர்சிங் பள்ளியின் முற்றத்தில் வண்டி நிற்க வேண்டும். புது மாணவிகள் முப்பத்தாறு பேருடைய வெள்ளைக் கோட்டுகளை, அவர்களை நிற்க வைத்து அளந்து, கையும் நீளமும் சரிசெய்து, இஸ்திரி போட்டு, ஒரு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். முடித்தால் இனி ஒவ்வொரு வருஷமும் அவளுக்கே. முடிக்காவிட்டால் பெரிய தையல் கடைக்கு. பள்ளியின் மேட்ரன் அப்படித்தான் சொல்லியிருந்தார், சிரிக்காமல்.

காகிதத்தை வாங்கிப் பிரித்தார். நான்கு வரி. வண்டிப் பேட்டரியிலிருந்து வீட்டுக் கரண்ட் மாதிரி கரண்ட் வர இன்வெர்ட்டர். இரண்டு மெஷினுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பிளக். கூண்டுக்குள் லைட். கடைசி வரி: காலிங் பெல், அடிக்கிற மாதிரி.

"நாளைக்குள்ள முரிச்சிரலாம்" என்றார்.

"முடிச்சிடலாமா, முறிச்சிடலாமா? கஸ்டமர்கிட்ட வாயில ஒண்ணும் இல்லாம பேசுங்க மெக்கானிக் சார். எனக்கு அந்தப் பாஷை வராது."

சுற்றி நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். அவர் மோதிரத்தை உள்ளங்கையில் துப்பி, துடைத்து, கைக்கு எட்டின இடத்தில் வைத்தார். "முடிச்சிடலாம்மா" என்றார், ஒவ்வொரு எழுத்தாக. அவர் வாக்குக் கொடுத்து அவள் நம்பிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். அதனால் வேன்காரரை நாளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார்.

இன்வெர்ட்டர் செருப்புப் பெட்டி அளவுதான். அதைக் கூண்டின் முன்சுவரில், அதிர்வு தாங்க ரப்பர் வைத்து முடுக்கினார். என்ஜின் பக்கத்திலிருக்கும் பேட்டரியிலிருந்து வண்டிக்கு அடியிலேயே ஒயரை இழுத்துவந்தார். பதினோரு மணிக்கு ஸ்விட்சைப் போட்டபோது லைட் எரிந்தது. தையல் மெஷின் ஓடியது. அவள் முகத்தில் ஒரு ஓரமாகச் சிரிப்பு வந்தது. பிறகு இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். இன்வெர்ட்டர் 'கீ' என்று அழுது சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் திருத்தம் வந்து சேர்ந்தான், அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு.

"என்ன மாமா, முதல் வரியிலேயே பிழையா?"

அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி இழுக்கும் நேரத்தில் பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் இருந்தது. இன்வெர்ட்டர் வாசலில் பத்துதான்.

"மீதியை ஒயரே குடிச்சிடுது. வோல்ட் கம்மின்னா ஆம்பியர் ஜாஸ்தி இழுக்கும். இந்த ஒயர் அதுக்குத் தாங்காது."

"பொடி நூலை வச்சு கேன்வாஸ் தைக்கிற மாதிரி" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் தொழிலைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லாத வாக்கியம் அது.

"அதேதான்."

"அப்ப தடிச்ச நூல் போடுங்க."

தடித்த கேபிள் மூலையில் இருந்தது. கட்டைவிரல் மொத்தம், உள்ளே மயிரிழை மாதிரி ஆயிரம் செம்புக் கம்பிகள். அவருடைய வெல்டிங் மெஷினின் கேபிள் அது. பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டபோதுகூட, என் கையைக் கேள், தருகிறேன் என்று சொன்னவர். அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, வண்டிக்கு அடியில் குனிந்து, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வரை வளைவு நெளிவோடு அளந்தாள்.

"பதினோரு அடி. வெட்டும்போது ரெண்டு அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டுங்க."

விட்டே வெட்டினார். மொத்தம் பதினாலு அடி இருந்த கேபிளில் மிச்சம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு.

"மைனஸுக்கு, மாமா?" என்றான் திருத்தம்.

"வண்டி உடம்பே மைனஸ்தான். பக்கத்துல இருக்கிற போல்ட்ல எர்த்து பிடிச்சா போதும். இது பத்தும்."

கூண்டும் தொட்டியும் வண்டியின் சேஸிஸ் சட்டத்தோடு சேருகிற இடத்தில் விரல் மொத்தத்தில் ஒரு போல்ட் இருந்தது. அதைக் கழற்றி, நட்டையும் வாசர் வளையங்களையும் கைக்கு எட்டின ஒரு டப்பா மூடியில் போட்டுவிட்டு, அடியில் இருந்த பெயின்டை எமரித் தாளால் வெள்ளிக் காசு மாதிரி மின்னும் வரை அவரே தேய்த்துக் கொடுத்தார். செப்புக் குழாயைத் தட்டித் தட்டையாக்கி, பெரிய துளை போட்டு, மூன்றடிக் கேபிளின் முனையில் கோத்தார். வண்டிக்கு அடியில் மச்சானைப் படுக்க வைத்து அதைக் கையில் கொடுத்துவிட்டு, முன்பக்கம் போய் பேட்டரியருகே ஃப்யூஸ் பெட்டியைப் பூட்டத் தொடங்கினார். சுத்தியல் சத்தத்துக்கு நடுவே அடியிலிருந்து ஏதோ குரல் வந்தது. போல்ட் ஆடுகிறது, வாசர் என்று பாதி கேட்டது.

"எல்லாம் அந்த டப்பா மூடியில கிடக்கு மச்சான். எர்த்து போடு."

"எடுத்துப் போடவா?"

"ஆமாய்யா, எர்த்து போடு. எத்தனை தடவை சொல்றது?"

கொஞ்ச நேரம் உலோகம் உரசும் சத்தம். பிறகு மச்சானின் திருப்தியான குரல்.

"போட்டாச்சு மாமா. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துடுச்சு."

"இறுக்கிட்டியா?"

"அதுக்கு மூச்சு முட்டுற அளவுக்கு."

மூன்று மணிக்கு என்ஜினை ஓடவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டார்கள். லைட். மெஷின். அவள் இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். 'கீ' வரவில்லை. இன்வெர்ட்டருக்குள் இருந்த சின்ன விசிறி மட்டும் பூனை உறுமுவதைப் போல ஓடியது. மீட்டரில் பன்னிரண்டு, கொசுறாகக் கொஞ்சம் புள்ளி.

"மெஷினையும் சேர்த்து ஓட்டிப் பாரு" என்றார்.

"என்னத்தைத் தைக்கிறது? துணி எல்லாம் நாளைக்குத்தானே வரும்?" சுற்றிப் பார்த்தாள். அவர் மேல் கண் நின்றது. "சட்டையைக் கழட்டுங்க."

அப்படித்தான் அந்த வண்டியில் தைத்த முதல் வேலை, பத்தொன்பது வருஷமாகத் திறந்திருந்த ஒரு சட்டைப்பை ஆனது. பனியனோடு நின்றவரைப் பார்த்து டிரைவர்கள் என்னென்னமோ சொன்னார்கள். அவள் நூலைப் பல்லால் கடித்து, பையின் மேல் இஸ்திரியை ஒரு இழுப்பு இழுத்து, சூடாக நீட்டினாள்.

"இந்தாங்க. இனிமே மோதிரத்தை மனுஷங்க மாதிரி பையில போடுங்க."

அவர் நாக்கு தன்னாலே கன்னத்துக்குப் போனது. அங்கே கன்னம்தான் இருந்தது.

இரண்டு டீ குடித்திருந்தார். ஒரு வாழைப்பழம் தின்றிருந்தார். மோதிரத்தைத் துப்பியது ஞாபகம் இருந்தது. வைத்த இடம் ஞாபகத்தில் இல்லை. பழக்கதோஷத்தில் மறுபடி வாய்க்குள் போட்டிருக்கலாம். போட்டிருந்தால், அது இப்போது எங்கே இருக்கும்? கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் கர்ப்பிணி மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. கேட்டதும் திருத்தம் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் தரையை முழம் முழமாக அலசக் கிளம்பிவிட்டான். ஆணி, ஸ்க்ரூ, மூன்று வருஷத்துக்கு முன் தொலைந்த ஒரு ஸ்பேனர் எல்லாம் வந்தன. கால் மணி நேரம் கழித்துத்தான் அவர் மெல்லச் சொன்னார்: "மச்சான், தங்கம் காந்தத்துல ஒட்டாது." அவன் காந்தத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம் மாமா" என்று தெருப்பக்கம் தேடப் போனான்.

கூண்டுக்குள் அவர்கள் இருவர் மட்டும்.

"முழுங்கிட்டேன்னு நினைக்கிறேன்" என்றார். குரல் சின்னதாக இருந்தது.

"முழுங்கல."

"எப்படிச் சொல்ற?"

"நீங்க துப்பினதுல இருந்து கேட்டுக்கிட்டுதானே இருக்கேன். கேபிளைப் போடு, டேப்பை எடு, ஓரமா விடு… ஒரு 'ட' கூட 'ர' ஆகல. மோதிரம் உங்க வாய்ப் பக்கமே வரல. எங்கேயோ பத்திரமா இருக்கு." பாபினை எடுத்து நூல் சுற்றத் தொடங்கினாள். "கிடைக்கிறப்ப கிடைக்கட்டும். நாளைக்கு முப்பத்தாறு கோட்டு. அதைப் பாருங்க."

"பெல் பாக்கி இருக்கு."

"அதான் சொன்னேன், அதைப் பாருங்கன்னு."

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வண்டி நர்சிங் பள்ளி முற்றத்தில் நின்றது. என்ஜினை ஓடவிட்டு அதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மாணவிகளை வரிசையில் நிறுத்தி, நீளம் எழுதி, குண்டூசி குத்துவது திருத்தத்தின் வேலை. அவன் கோட்டுகளில் இருந்த பெயர்ச் சீட்டுகளில் இரண்டு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துக் கொஞ்ச நேரம் வீணாக்கினான். அக்காள் ஒரு பார்வை பார்த்ததும் குண்டூசிக்குத் திரும்பினான்.

மேட்ரன் வந்து கூண்டுக்குள் எட்டிப்பார்த்தார்.

"கரண்ட் எங்க ஆபீஸ்ல இருந்து எடுக்கறீங்களா?"

"இல்லம்மா, எங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து" என்றாள் அவள், மிதியிலிருந்து காலை எடுக்காமல்.

பதினோரு மணிக்குப் பதினேழு கோட்டுகள்தான் முடிந்திருந்தன. பாதிக்கு ஒன்று குறைவு. வெயில் ஏறிக் கூண்டு காய்ந்தது. இன்வெர்ட்டரின் விசிறி குரலை உயர்த்தியது. அவர் இறங்கி, வண்டிக்கு அடியில் கையை விட்டு எர்த்து போல்ட்டைத் தொட்டார். இணைப்பு மோசமாக இருந்தால் முதலில் சுடுவது அந்த இடம்தான். போல்ட் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி சில்லென்று இருந்தது. இவ்வளவு ஆம்பியர் போகிற இடத்தில் இப்படி ஒரு குளிர்ச்சியை அவர் பார்த்ததில்லை.

கூண்டுக்குள் தலையை நீட்டினார். "நீ பயப்படாம ஓட்டு. எர்த்து அப்படி ஒரு எர்த்து."

அதற்குப் பிறகு அவள் நிமிரவில்லை. கத்தரி, மெஷின், இஸ்திரி, அடுத்த கோட்டு. கைக்கும் காலுக்கும் நடுவே எங்கோ ஒரு தாளம் பிடித்துவிட்டது. மாணவிகள் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். முப்பத்தாறாவது கோட்டின் மேல் இஸ்திரி நகர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். அவள் கை நீட்டி, கூண்டின் வெளியே பொருத்தியிருந்த பொத்தானை அழுத்தினாள். டிங் டாங்.

மேட்ரன் படி இறங்கி வந்தார். ஒரு கோட்டை எடுத்து உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று.

"அடுத்த வருஷம் பெல் அடிச்சுட்டே உள்ள வாங்க" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் போகிற போக்கில் அவரும் ஒருதரம் பெல்லை அடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வண்டிக்கு ஓய்வே இல்லை. அலுவலக வாசல்கள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள். மோதிரம் மட்டும் கிடைக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பை இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்தாயிற்று. புதிது வாங்கலாம் என்று அவர் சொன்னபோதெல்லாம் அவள், "எதுக்கு, தழும்பு இருக்கே" என்று பேச்சை மாற்றினாள். வாய் காலியாக இருந்ததால் அவர் வேலை நேரத்திலும் நிறையப் பேச ஆரம்பித்தார். பெயர் மட்டும் மாறவில்லை.

பதினாலு மாதம் கழித்து, தொட்டியின் தாங்கிச் சட்டம் துருப்பிடித்திருக்கிறதென்று வெல்டிங் வைக்க அந்தப் போல்ட்டைக் கழற்றினார். செப்புத் தகட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு வாசர் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் லேசாகத் தட்டையாகியிருந்தது. மற்றபடி விரலில் இருந்த காலத்தைவிடப் பளபளப்பாக இருந்தது. அத்தனை கோட்டுக்கும் ஓடின கரண்ட் அதன் வழியாகத்தான் போயிருந்தது.

அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"மச்சான், அன்னிக்கு அந்தப் போல்ட்ல என்ன போட்ட?"

"மூடியில இருந்த வாசர் மாமா. பித்தளை. வேற எல்லாம் ஆடுச்சு, அது ஒண்ணுதான் விரல் மொத்தத்துக்குச் சரியா இருந்துச்சு. நீங்கதானே எடுத்துப் போடுன்னீங்க?"

"எர்த்து போடுன்னேன்யா."

மறுமுனையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க 'எர்த்து'ன்னு சொன்னா அது 'எடுத்து'தானே மாமா. பதினஞ்சு வருஷமா அப்படித்தான் திருத்திக்கிட்டு வரேன்."

"அன்னிக்கு 'போடு'ன்னு தெளிவாச் சொன்னேன்ல. அது 'போரு' ஆகலையே. யோசிக்க வேண்டாமா?"

"கவனிக்கல மாமா" என்றான் திருத்தம், வாழ்க்கையில் முதல் முறையாக.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று பெல்லை அழுத்தினார். அது அடிக்கவில்லை. கதவைத் தட்டினார். திறந்தவளிடம் உள்ளங்கையை நீட்டினார். அவள் மோதிரத்தைப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை.

"கழட்டிட்டீங்களா?" என்றாள்.

நர்சிங் பள்ளிக்குப் போய்வந்த மூன்றாவது வாரமே, வண்டிக்கு அடியில் விழுந்த ஊசியை டார்ச் அடித்துத் தேடியபோது அவள் அதைப் பார்த்துவிட்டிருந்தாள். பிடித்திருக்கிற தையலை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று விட்டுவிட்டாளாம்.